ரவீந்திரன் யப்பான் போன வாரம்

சென்ற மாதத்திலிருந்து பாரிசில் எங்கள் துப்புரவுத் தளத்தில் ரயிலுக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கச் சுற்றறிக்கையில் நிர்வாகம் அதை நிறுத்திவிட்டது. சொல்லப்பட்ட காரணம் முதுகு வலி. தொழில் மருத்துவர் வந்து நாளுக்கு எத்தனை தடவை ஆட்கள் குனிகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாராம். துடைப்பதற்காகக் குனிவது வேலை, வணங்குவதற்காகக் குனிவது தவிர்க்கக்கூடிய ஆபத்து என்று எழுதிக் கொடுத்தாராம்.

நான் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு தேநீர்க் கடையில் வைத்து இந்தச் செய்தியைச் சொன்னவர் ஜெயராணி. எனக்குப் பிறகு துப்புரவு அணிக்குத் தலைவியாக வந்தவர்.

"யோசப் அண்ணை, இந்தக் குனியிற கூத்தை இஞ்சை கொண்டுவந்ததே நீங்கள்தானாம். யப்பானுக்குப் போய்ப் பழகி வந்தனியளாம். உண்மையே?"

"போனது உண்மை. கொண்டுவந்தது நான் இல்லை."

"அப்ப நடந்ததை எழுதுங்கோவன். புதுசா வந்ததுகள் ஆளுக்கொரு கதை சொல்லுதுகள். உங்களை யப்பான் அரசாங்கம் கூப்பிட்டதெண்டு ஒருத்தன் சொல்லிக்கொண்டு திரியிறான்."

அரசாங்கம் கூப்பிடவில்லை. ஆகவே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். விடயம் முழுவதும் இப்போது பிரிபெக்சரில், வதிவிட அட்டை கொடுக்கும் அந்த அலுவலகத்தில், முத்திரை குத்திய கோப்பாக இருக்கிறது. எனவே யாருடைய இரகசியத்தையும் நான் வெளியிடவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஒப்புநோக்குபவராகச் சேர்ந்து, உதவி ஆசிரியராக முடித்தேன். பாரிசுக்கு வந்தபோது அந்தத் தகுதிக்கு இங்கே கிடைத்த வேலை, நெடுந்தூர ரயில்களில் பயணிகள் விட்டுப்போன பத்திரிகைகளைப் பொறுக்குவது. முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாளி, துணி, முழங்கால். பிரெஞ்சு மொழியை இருக்கைகளின் இடுக்கில் கிடந்த பத்திரிகைகளிலிருந்து படித்தேன். அதனால் பாண் வாங்கத் தெரியும் முன்பே ஓய்வூதியச் சீர்திருத்தம் பற்றிப் பேசத் தெரிந்தது. பிறகு அணித்தலைவர் ஆனேன்.

நாங்கள் ரயில் நிறுவனத்தின் ஆட்கள் அல்ல. அதனிடம் ஒப்பந்தம் எடுத்த ஒரு துப்புரவு நிறுவனத்தின் ஆட்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வேலை. ஒரு ரயிலுக்கு ஆறு பேர். ரயில் வந்து, ஆட்கள் இறங்கி, மறுபடி புறப்படும் முன் முடிக்க வேண்டும். வரிசை மாறக்கூடாது. முதலில் கழிப்பறை, ஏனென்றால் அங்கே ஊற்றும் மருந்து வேலை செய்யச் சில நிமிடம் வேண்டும். அந்த நேரத்துக்குள் குப்பைப் பைகள். பிறகு மேசைகள். பிறகு இருக்கைகள், மேலிருந்து கீழாக. தரை கடைசி. தரையை முதலில் கூட்டுகிறவர் புதிய ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மேசையிலிருந்து தட்டிவிடும் குரோசான் துகள் திரும்பவும் தரைக்குத்தான் வரும் என்பது அவருக்கு இரண்டாவது பெட்டியில்தான் விளங்கும்.

தளத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் மதாம் மார்த்தினோ. விடிகாலையில் நடைமேடைத் தலைப்பில் எங்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். கையில் அட்டையில் செருகிய தாள், வாரத்துக்கு ஒன்று. பெயரை வாசிப்பார். "பிரெசான்" என்று, அதாவது "இருக்கிறேன்" என்று, குரல் வரும். நீல மைப் பேனாவால் ஒரு கோடு. அடுத்த பெயர். முழு அழைப்பிலும் ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்த மாட்டார். பதினொரு வருடம் காலை வேளைகளில் நான் பார்த்தது அவருடைய வகிட்டை மட்டும். மிடுக்கு என்றார்கள் பெண்கள். எங்களை மனிதராக மதிக்காத குணம் என்று தொழிற்சங்கத்தில் இருந்த ஒருவர் கூட்டத்தில் பேசினார். நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. ஒன்றை மட்டும் கவனித்திருந்தேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் கையால் பக்க எண் போடுவார். எழுதிய தாளைத் திருத்தமாட்டார், கிழிக்கமாட்டார். ஒருமுறை பேனா கசிந்து தாளில் பெரிய பொட்டு விழுந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் "மை" என்று எழுதினார்.

அந்தத் தாளில் ரவீந்திரன் என்ற பெயருக்குப் "பிரெசான்" சொன்னவர் ரவீந்திரன் அல்ல. அவர் பெயர் நேசன், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். அகதி விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டிருந்தது. கார்ட் என்கிற வதிவிட அட்டை இல்லாமல் வேலை இல்லை. வேலை செய்து காட்டாமல் கார்ட் இல்லை. இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு நடுவில் ஒரு சந்து இருப்பது தெரிந்திருக்கவில்லை, எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. நேசனுடைய பெரியம்மாவின் மகன் ரவீந்திரன் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். ஆர்ஜொந்தெயில் வீடு, ரூ பெர்தொனேயில் ஒரு நகைக்கடையில் விற்பனையாளர். அவருடைய அடையாள அட்டையின் நகலைக் கொடுத்து நேசன் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நகல் எந்தத் தமிழருக்கும் பொருந்தும் அளவுக்குக் கறுத்திருந்தது. நுழைவு பாட்ஜில் பெயர் ரவீந்திரன், முகம் நேசன்.

இது சரியா என்று கேட்டால், இல்லை. லாச்சப்பலில் புதிதா என்று கேட்டால், அதுவும் இல்லை. வழி இதுதான்: பல வருடம் ஒழுங்காக வேலை செய்வது. பிறகு உண்மையைச் சொல்லி, "இந்தப் பெயரில் எங்களிடம் வேலை செய்தவர் உண்மையில் இவர்தான்" என்று நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கி, பிரிபெக்சரில் சொந்தப் பெயருக்கு வதிவிடம் கேட்பது. அந்தக் கடிதத்தை நிறுவனம் கொடுக்கலாம், கொடுக்காமல் வேலையை விட்டும் நிறுத்தலாம். எல்லாம் அந்த நாளைய மனநிலை. நேசன் எட்டு வருடமாக அந்த மனநிலைக்காகக் காத்திருந்தார்.

வேலையில் அவருக்கு நிகர் எவருமில்லை. இடக்கையில் ஈரத் துணி, வலக்கையில் உலர்ந்த துணி, நடுவழியில் ஒரே நடை, இரண்டு பக்க மேசையும் முடிந்திருக்கும். ஒரு நாள் பிந்தியதில்லை. காய்ச்சல் என்று படுத்ததில்லை. படுத்தால் வைத்தியரிடம் எந்தப் பெயரில் போவது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இப்படி இருக்கும்போது எங்கள் இயக்குநர் ஒரு காணொளி பார்த்தார். டோக்கியோவில் அதிவேக ரயில் வந்து நிற்கிறது. துப்புரவு அணி வரிசையாக நின்று குனிந்து வணங்குகிறது. ஏழு நிமிடத்தில் ரயில் பளபளக்கிறது. அணி மறுபடி வணங்குகிறது. இயக்குநர் அதை மூன்று கூட்டங்களில் போட்டுக் காட்டினார். மூன்றாம் முறை அவர் குரல் தழுதழுத்தது. பிறகு, யப்பானுக்கு ஆறு நாள் பயிற்சிப் பயணம் என்று அறிவித்தார். போகிறவர்கள் மூவர்: அவர், அணித்தலைவர்களில் மூத்தவனாகிய நான், மற்றும் நிறுவனத்தின் மிகச் சிறந்த தொழிலாளி. அவரைக் கணினி தேர்ந்தெடுக்கும்.

கணினி பிந்தாதவர், படுக்காதவர், முறைப்பாடு இல்லாதவர் யாரென்று பார்த்தது. ரவீந்திரன் என்று சொன்னது. வெள்ளிக்கிழமைக்குள் கடவுச்சீட்டு நகல் தர வேண்டும்.

அன்று பின்னேரம் நேசன், ரவீந்திரன், நான் மூன்று பேரும் நகைக்கடைக்குப் பின்னால் இருந்த அறையில் இருந்தோம். நேசனுக்கு முகம் வெளிறியிருந்தது.

"அண்ணை, நான் மாட்டனெண்டு சொல்லிப்போடுறன். பிளேனுக்குப் பயமெண்டு சொல்லுவம்."

"சொன்னால் ஏனெண்டு கேப்பினம்" என்றேன். "கோப்பை எடுத்துப் பாப்பினம். எடுத்தால் பாட்ஜும் அட்டை நகலும் ஒரே மேசைக்கு வரும்."

ரவீந்திரன் மூக்குக் கண்ணாடியை ஒரு மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பருத்த உடல், விரலில் கல் மோதிரம்.

"ஏன் இவ்வளவு யோசிக்கிறியள்? கேக்கிறது ஆற்றை பாஸ்போர்ட்? என்ரை. பிறகு போறது ஆர்? நான்."

"உனக்குத் துடைக்கத் தெரியுமே?" என்றார் நேசன்.

"உனக்கு வளையல் விக்கத் தெரியுமே? ஆறு நாள்தானே. நான் வாயைத் திறக்காமல் இருக்கிறன். மனுசியும் யப்பான் முத்து கேட்டவள்."

"நீ வாயைத் திறக்காமல் இருந்ததை நான் இண்டைவரைக்கும் காணேல்லை."

"அப்ப யப்பானிலை காணலாம். ஓ, நீ வரேல்லை என்ன?"

வேறு வழி தெரியவில்லை. இயக்குநர் தளத்துக்கு வந்து தொழிலாளரைச் சந்திக்கும் பழக்கம் உள்ளவர் அல்ல. ரவீந்திரன் என்ற பெயரை அவர் திரையில்தான் பார்த்திருந்தார். விமான நிலையத்தில் ரவீந்திரனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இந்தக் கைகள்" என்றார். பத்து வருடத்தில் மோதிரக் கடுதாசியைத் தவிர வேறெதையும் கசக்காத கைகள் அவை. இயக்குநர் அவற்றைப் படம் பிடித்தார்.

டோக்கியோவில் நான் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ரயில் வரும் முன்பே அணி நடைமேடையில் நின்றது. ஒவ்வொருவரும் தன் கதவு வந்து நிற்கும் இடத்தில். சாதாரணப் பெட்டி ஒன்றுக்கு ஒருவர். எங்களிடம் ரயில் முழுவதுக்கும் ஆறு பேர். பயணிகள் இறங்கும்போது தங்கள் குப்பையைத் தாங்களே கையில் கொண்டுவந்தார்கள். கதவில் பை பிடித்துக்கொண்டு நின்ற பெண், ஒவ்வொருவருக்கும் தலை தாழ்த்தி அதை வாங்கினார். உள்ளே போனவர்கள் முதலில் மறந்துவிட்ட பொருள் இருக்கிறதா என்று மேல்தட்டைப் பார்த்தார்கள். காலால் ஒரு மிதி, இருக்கைகள் பயணத் திசைக்குத் திரும்பின. மேசை, சன்னல் விளிம்பு, தரை. ஈரமான இருக்கையைக் கண்டுபிடிக்க, ஈரம் பட்டால் ஒலிக்கும் ஒரு துடைப்பம்கூட அவர்களிடம் இருந்தது. ஏழு நிமிடம்.

இயக்குநர் வணக்கத்தை மூன்று கோணங்களிலிருந்து படம் எடுத்தார். எத்தனை பேர் என்பதை எழுதவில்லை.

ரவீந்திரன் என் காதில் சொன்னார்: "அண்ணை, இஞ்சத்தைச் சனம் குப்பையே போடேல்லை. பிறகு இவையள் என்னத்தைக் கூட்டீனம்?"

அந்தப் பயணத்தில் சொல்லப்பட்ட ஒரே தொழில்நுட்பக் கருத்து அதுதான். சொன்னவர் நகை விற்பவர்.

மூன்றாம் நாள் எதிர்பாராத ஒன்று நடந்தது. விருந்தோம்புகிறவர்கள், பாரிசின் சிறந்த தொழிலாளி தங்களோடு ஒரு பெட்டியில் வேலை செய்து காட்ட வேண்டும் என்று கேட்டார்கள். ரவீந்திரன் பெட்டிக்குள் போனார். நான்காம் வரிசை மேசைக்கு முன் நின்றார். சட்டைப்பையிலிருந்து தன் மஞ்சள் துணியை எடுத்தார். மேசைமேல் குனிந்து "ஹா" என்று ஊதினார். பிறகு சின்னச் சின்ன வட்டமாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, அட்டிகையைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு முன் செய்வதுபோல் துடைக்கத் தொடங்கினார். மடிப்புக் கீலைத் துணியின் முனையால் குத்திக் குத்தி எடுத்தார். ஒளிக்கு எதிரே தலையைச் சாய்த்துப் பார்த்தார். திருப்தி வரவில்லை, மறுபடி ஊதினார். ஏழு நிமிடம் முடிந்தபோது ஒரு மேசை முடிந்திருந்தது.

யப்பானிய அணித்தலைவி வயதான பெண். வந்து அந்த மேசையை நெடுநேரம் பார்த்து ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "இவ்வளவு சுத்தமான மேசையைத் தாம் பார்த்ததில்லை என்கிறார்." சற்றுப் பொறுத்துச் சேர்த்தார்: "மற்ற மேசைகளைத் தங்கள் ஆட்கள் முடித்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார்."

இயக்குநர் முதல் வாக்கியத்தை எழுதிக்கொண்டார்.

கடைசி நாளில் ஒசாகாவுக்கு ரயிலில் கூட்டிப் போனார்கள். நடத்துநர் பெட்டியை விட்டு வெளியேறும்போது திரும்பி நின்று, எங்கள் எல்லோருடைய பிடரிக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். பார்த்தது நான் மட்டும். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரவீந்திரன் முத்துப் பெட்டியை மடியில் அணைத்தபடி வாய் திறந்து தூங்கினார். புறப்படும் முன் மூவருக்கும் பயிற்சிச் சான்றிதழ் கொடுத்தார்கள். பெயர், படம், ஆறு நாட்களின் திகதி, சிவப்பு முத்திரை.

பாரிசுக்குத் திரும்பிய காலையில் மதாம் மார்த்தினோவின் தாள்களைப் பார்த்தேன். திடுக்கிட்டேன். நாங்கள் யப்பானில் இருந்த ஆறு நாளும் ரவீந்திரன் என்ற பெயருக்கு எதிரே ஆறு நீலக் கோடுகள்.

"நீ வேலைக்கு வந்தனியே?" என்று நேசனிடம் கேட்டேன்.

"வேறை என்ன செய்யிறது? அறையிலை இருந்து சுவரைப் பாக்கிறதே? நீங்களும் இல்லை. நாலு பேரா நிண்டிருப்பாங்கள் பாவம். மதாம் பேர் கூப்பிட்டா. நான் பிரெசான் எண்டன்."

மதாமிடம் போனேன். பத்திரிகைக்காரன் புத்தி. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு நாட்டில் இருந்தால் அது அச்சுப் பிழை, திருத்தியாக வேண்டும். அந்த வாரத்தை மாற்றி எழுத முடியுமா என்று கேட்டேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரயிலைத் துடைத்தவர் வந்திருந்தார். எழுதினேன். தாளைத் திருத்துவதில்லை."

அடுத்த வாரம் யப்பானிய முறை அமலுக்கு வந்தது. ஆறு பேர் ஆறு பேராகவே இருந்தார்கள். வணக்கத்துக்கான நேரம் கழிப்பறையிலிருந்து எடுக்கப்பட்டது. பயிற்சியில் இருக்கை திருப்பும் அசைவும் இருந்தது. எங்கள் இருக்கைகள் தரையோடு திருகாணி போட்டவை, ஆகவே அதைக் காற்றில் செய்தோம். மேசை துடைக்கும் முன் ஊத வேண்டும் என்றும் ஒரு விதி வந்தது. முதல் நாள் ரயில் வந்து நின்றதும் அறுவரும் குனிந்தோம். இறங்கிய ஒரு முதிய பெண்மணி தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு, யாராவது இறந்துவிட்டார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

மூன்றாம் வாரம் இயக்குநர், தன் வரலாற்றில் முதல் தடவையாக, அறிவிக்காமல் தளத்துக்கு வந்தார். கூட ரயில் நிறுவனத்திலிருந்து இரண்டு அதிகாரிகள், ஒரு படப்பிடிப்பாளர். நாங்கள் அப்போதுதான் குனிந்து எழுந்திருந்தோம். இயக்குநர் கைகளை விரித்து, வரிசையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்:

"எங்கே என் நண்பர் ரவீந்திரன்?"

எட்டு வருடப் பழக்கம். நேசன் ஒரு அடி முன்னால் வைத்து "பிரெசான்" என்றார்.

இயக்குநர் அவரைப் பார்த்தார். தான் ஆறு நாள் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட மனிதருக்கு வயிறு இருந்தது, மோதிரம் இருந்தது, மூக்குக் கண்ணாடி இருந்தது. இவருக்கு இரண்டு கைகளில் இரண்டு துணிகள் இருந்தன. இயக்குநரின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அதிகாரிகளில் ஒருவர் அதற்குள் நேசனின் கையைப் பிடித்துவிட்டார்.

"நீங்கள்தானா? உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டோம்."

படப்பிடிப்பாளர், இயக்குநர் வலப்பக்கம் நிற்பாரா இடப்பக்கம் நிற்பாரா என்று கேட்டார். இயக்குநர் அதிகாரிகளைப் பார்த்தார், படப்பெட்டியைப் பார்த்தார். பிறகு இயக்குநர் இடப்பக்கம் நின்றார். சிரித்தார்.

அதிகாரிகள் போன பிறகு, தளத்து அலுவலறையில் நாங்கள் நான்கு பேர்: இயக்குநர், மதாம் மார்த்தினோ, நான், கதவோரம் நேசன்.

"இது மோசடி" என்றார் இயக்குநர்.

"ஆம்" என்றார் மதாம், மேசையில் இருந்த தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே.

"உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"வேலைக்கு வந்தவரைத் தெரியும்."

"நான் பொலிசுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லலாம். யப்பானியருக்கு யார் சொல்வது?"

மேசைமேல் நிறுவனத்தின் உள்ளிதழ் கிடந்தது. அட்டைப்படத்தில் இயக்குநர், டோக்கியோ நடைமேடையில், ரவீந்திரனின் தோள்மேல் கை போட்டபடி. கீழே: "உலகத் தரம், எங்கள் கைகளில்." இயக்குநர் அதைப் பார்த்தார். நேசனைப் பொலிசுக்குக் கொடுத்தால், உலகத் தரத்தைக் காட்ட வளையல் விற்பவரைக் கூட்டிப் போனதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நான் சொன்னேன்: "பத்திரிகையில் பிழை வந்துவிட்டால் இரண்டு வழி உண்டு, மிஸ்யூ. மறுநாள் திருத்தம் போடலாம். அல்லது முதல் செய்தி சரியாகும்படி இரண்டாம் செய்தியை எழுதலாம்."

"இரண்டாம் செய்தி என்ன?"

மதாம் ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினார். ரவீந்திரன் என்ற பெயரில் எட்டு வருடம் வேலை செய்தவர் நேசனே என்று சொல்லும் கடிதம், தட்டச்சு செய்து தயாராக இருந்தது. காகிதத்தின் மடிப்பைப் பார்த்தால் அது அன்று தட்டச்சு செய்ததல்ல.

இயக்குநர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அந்த மூன்று நாளும் நேசன் வேலைக்கு வந்தார். நான்காம் நாள் கடிதம் கையெழுத்தாகி வந்தது. ஆனால் இயக்குநர் தன் கையால் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார்: "இவர் யப்பானிய முறையில் டோக்கியோவில் பயிற்சி பெற்றவர், சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது." அதை எடுத்துவிடும்படி கேட்டேன். கோப்பிலேயே வலுவான பகுதி அதுதான் என்றார். இணைக்கப்பட்ட சான்றிதழில் ரவீந்திரன் சிரித்துக்கொண்டிருந்தார்.

மதாம் மார்த்தினோ எட்டு வருடத்து அழைப்புத் தாள்களின் நகல்களைப் பக்க எண் வரிசையில் ஒரு பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். பிரிபெக்சருக்குப் போகும் நாள் காலையில், திரான்சியில் என் வீட்டில் வைத்து நான் கடைசியாக ஒருமுறை ஒப்புநோக்கினேன். சான்றிதழின் ஆறு நாள்களையும் அழைப்புத் தாளின் ஆறு நாள்களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன்: ஒரே பெயர், இரண்டு நாடு. அந்த ஒரு தாளை உருவி மடித்து என் கோட்டுப் பையில் வைத்தேன். நேசனிடம் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் பிழை பொறுக்கியவன் நான்.

பிரிபெக்சரில் கோப்பைப் பார்த்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க அலுவலர். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு வாசித்தார். கடிதத்தை வாசித்தார். சான்றிதழை எடுத்தார். படத்தைப் பார்த்தார். நேசனைப் பார்த்தார்.

"இது நீங்கள் அல்ல."

"இல்லை, மிஸ்யூ. அண்ணன்."

"அப்படியானால் யப்பானில் பயிற்சி பெற்ற தொழிலாளி அவர். இந்த எட்டு வருடமும் ரயில் துடைத்தவரும் அவராகவே இருக்கலாம். கடிதம் யாரும் எழுதுவார்கள்."

நேசன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அலுவலர் அழைப்புத் தாள்களைப் புரட்டினார். நின்றார். பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார்.

"நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் எங்கே? சான்றிதழில் உள்ள அந்த வாரம்."

நான் கோட்டுப் பைக்குள் கை விட்டேன். நான்காக மடித்திருந்த தாளை விரித்துக் கொடுத்தேன். நேசன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அலுவலர் தாளைச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தார். திகதிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பேனா மூடி வாயிலிருந்து இறங்கியது.

"இந்த ஆறு நாளும் இந்தப் படத்தில் உள்ளவர் டோக்கியோவில்."

"ஆம்" என்றேன்.

"இதே ஆறு நாளும் பாரிசில் 'பிரெசான்' சொன்னது யார்?"

நேசன் பள்ளிக்கூடத்தில்போல் கையைப் பாதி உயர்த்தினார்.

"நான், மிஸ்யூ. ரயில்கள் யப்பானுக்குப் போகவில்லையே."

அலுவலர் எழுந்து போய் இரண்டையும் ஒரே தாளில் நகல் எடுத்துக்கொண்டு வந்தார். அதைக் கோப்பின் மேலே வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இது ஏன் உங்கள் பையில் இருந்தது?"

"பிழை என்று நினைத்தேன்."

"மிஸ்யூ, இந்தக் கோப்பில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்டுகிற தாள் இது ஒன்றுதான்."

வெளியே வந்து மெத்ரோ வாசல்வரை நேசன் வேகமாக நடந்தார். படியில் இறங்கும்போது சொன்னார்: "அண்ணை, இனிமேல் என்ரை பேப்பர் ஒண்டையும் நீங்கள் திருத்தாதேங்கோ." சிரித்துக்கொண்டு சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்ததால் முகம் தெரியவில்லை.

கார்ட் வந்தது. நிறுவனம் நேசனின் பெயரில் புதிய ஒப்பந்தம் எழுதியது. ரவீந்திரன் நகைக்கடையிலேயே இருக்கிறார். டோக்கியோவில் ரயிலை மினுக்கிக் காட்டியதை முத்து வாங்க வருகிறவர்களுக்குச் சொல்கிறார், விடை கொடுக்கும்போது இடுப்பை வளைத்து ஒரு வணக்கமும் வைக்கிறார். தொழில் மருத்துவரின் அதிகாரம் ரூ பெர்தொனேவரை எட்டாது.

புதிய ஒப்பந்தத்தின் முதல் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வழக்கம்போல் வரிசை. வழக்கம்போல் வகிடு. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரவீந்திரன் என்ற பெயர் வரும் இடத்தில் மதாம் மார்த்தினோ வாசித்தார்:

"நேசன்."

பதில் இல்லை. பேனா தாளின்மேல் நின்றது. என் பக்கத்தில் நின்ற நேசன், மற்றவர்களைப் போலவே, வராத ஆள் யாரென்று வரிசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேசன்" என்று இரண்டாம் முறை வாசித்தார்.

பிறகு தலையை நிமிர்த்தினார். அழைப்பின்போது அவர் கண்களை நான் பார்த்தது அன்றுதான். அவை வரிசையில் யாரையும் தேடவில்லை. நேரே நேசனிடம் போய் நின்றன.

"மிஸ்யூ, எட்டு வருடத்தில் முதல் தடவையாக, இன்று நீங்கள் வரவில்லை என்று எழுதட்டுமா?"

"பிரெசான்" என்றார் நேசன். இன்னொரு தடவை சொன்னார்.

அவர் ஒரு கோடு போட்டார். தலை மறுபடி தாளுக்குக் குனிந்தது. ரயில் வந்துகொண்டிருந்தது. நாங்கள் கழிப்பறையிலிருந்து தொடங்கினோம்.